காரைக்குடி வட்டாரத்தில் மருத்துவ உளவியல் களப்பயிற்சி: பயிற்றுநர் கவனிக்க வேண்டியவை

மருத்துவ உளவியல் மாணவர்களைக் காரைக்குடி வட்டாரத்துக்குக் களப்பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் பயிற்றுநர், நேர்காணல் எங்கே நடக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றின் முகப்பில் முகாமுக்கு இடம் கிடைப்பது வசதிதான். ஆனால் அதே வீட்டில் பாத்திரம் துலக்கிக் கொல்லைப்புற வாசல் வழியாகவே வந்துபோகும் பெண், அந்த முகப்பில் உட்கார்ந்து தம் தூக்கமின்மையைப் பற்றி வாய் திறக்க மாட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கதவைச் சாத்தக்கூடிய ஓர் அறையே மேல்.

மாணவர் வரவேற்கும் விதத்தையும் கவனியுங்கள். வீட்டுக்கார அம்மையாரை எழுந்து நின்று, "வாங்க ஆச்சி, உக்காருங்க" என்று அழைத்தவரே, அடுத்து வரும் வீட்டுவேலைப் பெண்ணிடம், அவர் வயதில் மூத்தவராக இருந்தாலும், "என்னம்மா, சொல்லு" என்பார். நோயாளியின் சம்மதத்தோடு செய்த ஒலிப்பதிவை மேற்பார்வையின்போது போட்டுக் கேட்டால், சமூகச் சலுகை, அதாவது சாதியாலோ வசதியாலோ ஒருவருக்குக் கேளாமலே கிடைக்கும் மதிப்பு, என்றால் என்னவென்று தனியாக வகுப்பெடுக்க வேண்டியிராது.

2013இல் வெளிவந்த, மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5இல் பண்பாட்டுப் பின்னணியை அறிவதற்கான 16 வினாக்கள் உள்ளன. அவற்றை வரிசையாக ஒப்பிக்காமல், "இதுக்கு உங்க வீட்டுல என்ன காரணம் சொல்றாங்க?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்கப் பழக்குங்கள். சமூகத்தின் பண்பாட்டு, மத நம்பிக்கைகளோடு ஒருவர் ஒத்துப்போகாததை மட்டும் வைத்து மனநோய் என்று முடிவு செய்யக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். திருவிழாவில் சாமி வந்து ஆடுவதை ஊரே ஏற்கும்போது, அதை மட்டும் கொண்டு நோய்ப்பெயர் எழுதுவதும் தவறே. அதற்காக, உணவும் உறக்கமும் கெட்டு வாரக்கணக்கில் தவிப்பவரை "அவர்கள் வழக்கம்" என்று விட்டுவிடுவதும் புறக்கணிப்புதான்.

நோயாளி மறுமுறை வராவிட்டால் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுமுன், பேருந்துக் கட்டணம் எவ்வளவு, ஒருநாள் கூலி போகிறதா என்று கேட்டறிந்து அதையும் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மாணவர்கள் தம் சாதி, பள்ளி, வீட்டுச் சூழல் பற்றி எழுதிப் பார்ப்பது பயன்தரும். ஆனால் அதைக் குழுவில் படிக்கச் சொல்லாதீர்கள், ஏனெனில் அங்கே அதிகம் இழக்கக்கூடியவர் பெரும்பாலும் தலித் மாணவரே. அவரிடம் நோயாளியே "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று துருவக்கூடும். பதில் சொல்வதா, பேச்சை மாற்றுவதா என்பதை முன்கூட்டியே அவரோடு பேசி வையுங்கள். அப்படி நடந்துவிட்டால் அன்று மாலையே தனியே உட்கார்ந்து கேளுங்கள், அந்த நோயாளியைத் தொடர்ந்து பார்ப்பதா வேண்டாமா என்ற முடிவை அவரிடமே விடுங்கள்.