நின்றால் சூடேறும் கார்: ரேடியேற்றர் மின்விசிறியைப் படிப்படியாகச் சோதிப்பது எப்படி

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்குகிறவர்களில் பலர், காருக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கும் வயோதிபர்களுக்கும் வெக்கை தெரியக்கூடாது என்று என்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டே இறங்குகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி என்று ஏ9 வீதியில் எந்தக் குறையும் காட்டாமல் வந்த கார், அங்கே நின்ற பத்து நிமிடத்துக்குள் வெப்பமானி முள்ளைச் சிவப்புக் கோட்டுக்குக் கொண்டுபோகுமானால், ரேடியேற்றரின் மின்விசிறியையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மணிக்கு 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேற்றரைக் குளிர்வித்துவிடுகிறது. கார் நின்றவுடன் அந்த வேலை முழுவதும் விசிறியின் தலையில் விழுகிறது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊர்ந்து செல்லும் வாகன வரிசையிலும் இதே நிலைதான். மாறாக, பட்டணத்துக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது மட்டும் சூடேறுகிற காரில் விசிறியைக் கழற்றிப் பார்ப்பதால் பயனில்லை. அங்கே அடைபட்ட ரேடியேற்றர், திறக்காத தெர்மோஸ்ரற் (சூடேறியதும் திறந்து ரேடியேற்றருக்கு நீரை விடும் வால்வு), தேய்ந்த தண்ணீர்ப் பம்பி ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். சூடு எப்போது ஏறுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு கராஜுக்குப் போகிறவருக்குச் செலவு பாதியாகக் குறையும் என்பது என் அனுபவம்.

எங்கள் ஊர் வீதிகளில் நெடுங்காலம் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் விசிறி பெல்ற் மூலம் என்ஜினோடு சேர்ந்தே சுற்றியது. இன்றைய சிறிய கார்களில் என்ஜின் குறுக்காக வைக்கப்பட்டிருப்பதால் அதன் தண்டு ரேடியேற்றரை நோக்கி இருப்பதில்லை. அதனால் விசிறிக்குத் தனி மோட்டரும், அந்த மோட்டருக்குப் பியூஸ், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்தும் சுவிச்), வெப்ப உணரி, எர்த் வயர் (மின்சாரம் காரின் உடலுக்குத் திரும்பும் வயர்) என்று ஒரு சங்கிலியும் தேவைப்படுகின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விசிறி நிற்கும். கண்ணி கண்ணியாகப் பார்க்காமல் ஊகத்தில் உதிரிப்பாகம் மாற்றுவது வீண் செலவு.

எதையும் தொடுவதற்கு முன், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேற்றர் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பாருங்கள். சூட்டில் ஒருபோதும் திறக்கக்கூடாது. மூடி கொடுக்கும் அழுத்தத்தினாலேயே உள்ளிருக்கும் நீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த கணமே அது கொதித்து முகத்தில் பாயும். மட்டம் குறைந்திருந்தால் கசிவைத் தேடுவதே முதல் வேலை. சில கார்களில் உணரி நீரில் மூழ்காமல் காற்றில் நிற்கும்போது சூட்டை உணராமல் விசிறியையே இயக்காது. குற்றம் தண்ணீரில் இருக்க, பழி விசிறியின் மேல் விழும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு எல்லோர் வீட்டுக் குசினியிலும் உண்டு. அதே நீரை ரேடியேற்றருக்குள் ஊற்றினால் அதே படிவுதான் அதன் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ற் (குளிர்விக்கும் திரவம்), அல்லது கலந்தே விற்கப்படும் கூலன்ற், இவை தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம். வழியில் கொதித்து, வேறு வழியின்றிக் கிணற்று நீர் ஊற்றியிருந்தால், வீடு வந்ததும் அதை வடித்துவிடுங்கள்.

இனி விசிறி. என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்துக்குள் விசிறி சுற்றத் தொடங்க வேண்டும். இரண்டு விசிறிகள் உள்ள காரில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஏசியின் விசிறி சுற்றுவதைப் பார்த்து ரேடியேற்றர் விசிறியும் நலம் என்று எண்ணிவிடக் கூடாது. விசிறி எந்த நேரமும் தானாகச் சுற்றத் தொடங்கலாம், சில கார்களில் சாவியை எடுத்த பின்னரும் கூட. ஆகையால் கையையும் சால்வை நுனியையும் தூர வைத்திருங்கள். கைவைத்து வேலை செய்யும்போது பற்றரியின் எதிர்முனையை (மைனஸ் முனையை) கழற்றிவிடுங்கள். ரேடியேற்றர் விசிறி ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லையென்றால் மோட்டர் நல்லது. குற்றம் உணரியின் பக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் சுற்றவில்லையென்றால் மோட்டரில் தொடங்குங்கள்.

மோட்டரின் பிளக்கைக் கழற்றி, பற்றரியிலிருந்து 20 அம்பியர் பியூஸ் வைத்த வயரால் நேராக மின்சாரம் கொடுங்கள். வேகமாகச் சுற்றினால் மோட்டரை விட்டுவிடலாம். சிறு தடியால் தட்டினால்தான் சுற்றுகிறது என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அது இன்னும் சில நாட்களே உழைக்கும். கையால் சுற்றும்போது இறுக்கமாக உரசினால் பெயரிங் போய்விட்டது.

மோட்டர் நல்லது என்றால் அதன் பிளக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் என்னுடைய கார் இப்படிச் சூடேறியபோது ஒரு கராஜில் ரேடியேற்றரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அடுத்த கிழமையே முள் மீண்டும் ஏறியது. பின்னர் நானே குனிந்து பார்த்தபோது, பிளக்கின் வெள்ளைப் பிளாஸ்ரிக் ஒரு பக்கம் தேநீர் நிறத்தில் கருகியிருந்தது. அந்தப் பக்கத்து ஊசி தளர்ந்து ஆடியது. வயரின் தோலைச் சற்று உரித்தபோது உள்ளே செம்புக் கம்பி பச்சை பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் அன்றாடம் கடற்காற்றில் போய்வருகிற வாகனங்களில் இந்தப் பச்சையைத் தேடிப் பார்க்கவேண்டும். உப்புக் காற்று வயரின் தோலுக்குள்ளும் ஊர்ந்து செல்லும்.

இந்த இடத்தில் மல்ரிமீற்றரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். அது மிகச் சொற்ப மின்னோட்டத்தையே எடுப்பதால், ஒரேயொரு இழை மிஞ்சிய வயரிலும் 12 வோல்ற்று என்று காட்டும். ஹெட்லைற்றின் 55 வாற்று பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் பொருத்தி, விசிறி சுற்றவேண்டிய நேரத்தில் பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையில் பிடித்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் மின்சாரமும் எர்த்தும் வந்து சேருகின்றன. மங்கலாக எரிந்தால் வயரிலோ எர்த்திலோ இணைப்பிலோ தடையிருக்கிறது. விசிறி சுற்றுகிறது, ஆனால் சோர்வாகச் சுற்றுகிறது என்றால், மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றதை மோட்டரின் எர்த் வயரிலும் வையுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. எர்த் வயர் காரின் உடலில் (பொடியில்) பூட்டப்பட்ட இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குவது பத்து நிமிட வேலை.

பல்ப் எரியவே இல்லையென்றால் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள். எரிந்த பியூஸுக்குப் பதிலாகக் கூடிய அம்பியர் பியூஸ் போடுவதைவிட ஆபத்தான வேலை இல்லை. அதே பெட்டியில் அதே இலக்கமுள்ள வேறொரு ரிலே இருந்தால் இடம்மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரிலே 'டிக்' என்று சத்தமிடுவதால் மட்டும் அது நல்லதென்று ஆகாது; உள்ளே தொடும் முனைகள் கருகியிருக்கலாம்.

உணரியைச் சோதிக்கும் முறை காருக்குக் கார் வேறுபடும். 1990களின் ரொயோட்டாக்கள் பலவற்றில் ரேடியேற்றரில் உள்ள சுவிச் சூட்டில் திறப்பது, அதாவது மின்சுற்றைத் துண்டிப்பது. அதன் வயரைக் கழற்றினாலே, சாவி போட்ட நிலையில், விசிறி சுற்றவேண்டும். பழைய மாருதி 800இல் இது நேர்மாறு. கழற்றிய இரு வயர்களையும் ஒன்றோடொன்று தொடவைத்தால்தான் சுற்றும். கணினி கட்டுப்படுத்தும் கார்களில் வயரைத் தொடவைத்துச் சோதிக்க வேண்டாம். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி வெப்பநிலையை இலக்கத்தில் படியுங்கள். பல கார்களில் விசிறி 95 பாகையை ஒட்டித் தொடங்கும். 105ஐத் தாண்டியும் அசையவில்லையென்றால் என்ஜினை நிறுத்திவிடுங்கள்.

விசிறி சுற்றியும் சூடேறினால், ஒரு தாளை முன் கிரில்லில் பிடித்துப் பாருங்கள். ரேடியேற்றருக்குப் பின்னால் இருக்கும் விசிறி தாளை உள்ளிழுத்து ஒட்டவைக்க வேண்டும். வெளியே தள்ளினால் மோட்டரின் வயர்களை யாரோ மாற்றிப் பூட்டிவிட்டார்கள். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. தாள் அசையவே இல்லையென்றால் ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் ஏசி கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் செம்மண் தூசியும் பூச்சிகளும் அடைந்திருக்கலாம். உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான நீரால் கழுவுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.

விசிறியை நேரே ஒரு சுவிச்சில் பூட்டிவிடும் வழக்கத்தையும், தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியும் வழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. ரிலே இல்லாத சுவிச் விசிறியின் மின்னோட்டத்தைத் தாங்காமல் உருகும். போட மறந்த ஒரு நாளில் என்ஜினே போய்விடும். தெர்மோஸ்ரற் இல்லாத என்ஜின் உரிய சூட்டை அடையாமல் ஓடி, பெற்றோலைக் கூடக் குடிக்கும். ஹைபிரிட் கார் என்றால், செம்மஞ்சள் நிற வயர்கள் செல்லும் பக்கத்தில் கைவைக்காமல் பயிற்சி பெற்ற ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

திருத்தம் முடிந்ததும் ஏசியை நிறுத்தி, காரை நிழலில் நிற்கவைத்து என்ஜினை ஓடவிடுங்கள். விசிறி தானாகத் தொடங்கி, சூட்டைக் குறைத்து, தானாக நிற்க வேண்டும். இது இரண்டு முறை நடப்பதைக் கண்ணால் பார்க்கும் வரை பொனற்றை மூட வேண்டாம்.