உள்விளிம்பு தேய்ந்த டயர்: என் அனுபவம்

நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாக மார்த்தாண்டம் செல்லும்போது என் ஸ்போர்ட்ஸ் செடானில் கேட்ட இரைச்சலுக்கு வீல் பேரிங்கே காரணம் என்றார் மெக்கானிக். ஆனால் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி முன் டயரைத் தடவியபோது, உள்விளிம்பு மட்டும் ரம்பப் பல்லைப்போலக் கையைக் கீறியது. வெளிப்புறமோ ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. டோ கோணம் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) பிசகினால் இவ்வாறுதான் தேயும் என்பதால், சக்கரக் கோணங்களை, அதாவது அலைன்மென்ட்டைச் சரிசெய்த பின்னரே புது டயர்களைப் பொருத்தினேன், இரைச்சல் நின்றது.

இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், அந்தப் புது டயர்களைத் தேர்ந்தெடுக்கையில் ஈரச் சாலைப் பிடிமானத்துக்கே முதலிடம் தந்தேன். என் டயரின் 225/45 ஆர் 17 அளவில் (அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்) பக்கச்சுவரின் உயரம் சுமார் 101 மி.மீ. மட்டுமே, ஆகவே குழியில் ரிம் அடிபடாதிருக்க, டயர் சூடேறாத காலையிலேயே காற்றழுத்தத்தைப் பார்க்கிறேன். டயரை மாற்ற வேண்டியதைக் காட்டும் தேய்மானக் குறி 1.6 மி.மீ. பள்ள ஆழத்தில் இருந்தாலும், மழைக்கு 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது நல்லது.