கனிந்துபோன வாழைப்பழத்தைக் கேக்குக்குப் பத்திரப்படுத்துவது எப்படி?

களக்காட்டிலோ சேரன்மகாதேவியிலோ சொந்தக்காரர்கள் இருந்தால் ஒரு சீப்பு கேட்டாலும் தாரே வந்து இறங்கும். வந்த தார் மொத்தமும் ஒன்றாகக் கனியும். தின்றது போக மிஞ்சியதை ஃப்ரீசரில் வைத்தால் மூன்று மாதத்துக்குக் கேக் சுட ஆகும்.

தோல் முழுக்கக் கறுத்திருந்தாலும் பரவாயில்லை, நல்ல இனிப்பு இருக்கும். பூசணமோ புளித்த வாடையோ இருந்தால் மட்டும் வேண்டாம். எனக்கு ஏத்தம்பழம்தான் (நேந்திரன்) முதலில். சதை கெட்டி, வெந்த பிறகும் மணம் நிற்கும். கற்பூரவல்லி என்றால் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

தோலை உரித்துவிட்டுத்தான் உறைய வைக்க வேண்டும். தோலோடு உறைந்தால் அப்புறம் உரிக்கப் படாத பாடு பட வேண்டும்.

பழத்தை முள்கரண்டியால் மசித்து, அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, 1 கப் (சுமார் 225 கிராம்) அளந்து ஒரு ஜிப் கவரில் போடுங்கள். காற்றை வெளியேற்றி, தட்டையாக அழுத்தி, தேதியும் அளவும் எழுதி வையுங்கள். எவர்சில்வர் டப்பாவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மேலே காற்று தங்கி, பழத்தின் மீது பனி பூத்துவிடும்.

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள், கேக் கெடுவது இங்கேதான். உறையும்போது பழத்திலுள்ள நீர் பனிக்கட்டியாகி அதன் திசுக்களைக் கிழித்துவிடும். அதனால் இளகியதும் பழுப்பாகத் தண்ணீர் பிரிந்து நிற்கும். கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் கொட்டிவிடாதீர்கள்! இனிப்பும் மணமும் அதில்தான் இருக்கின்றன. அந்தத் தண்ணீரும் சேர்ந்துதான் நாம் அளந்த ஒரு கப். அதை வடித்துவிட்டு, குறைகிறதே என்று இன்னொரு பழத்தைச் சேர்த்தால் கேக் நடுவில் களியாக நிற்கும். தண்ணீர் ரொம்ப அதிகமாகத் தெரிந்தால் அதை மட்டும் சின்னப் பாத்திரத்தில் பாதியாகச் சுண்டவைத்து, ஆறியதும் பழத்தோடு கலந்துவிடுங்கள்.

முந்தின நாள் ராத்திரியே கவரை ஒரு கிண்ணத்தில் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மாவு கலக்கும் முன் குளிர் விடட்டும். சில்லென்று சேர்த்தால் வெண்ணெய் திரிந்துவிடும்.

பிற்சேர்க்கை: கரண்டு போய் ஃப்ரீசர் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கவருக்குள் இன்னும் பனிக்கட்டி தட்டுப்பட்டால் திரும்ப உறைய வைக்கலாம். முழுக்க இளகி, குளிர்ச்சி மட்டும் விடாமல் இருந்தால் அன்றைக்கே சுட்டுவிடுங்கள். வெகுநேரம் சூடாகவே கிடந்திருந்தால் யோசிக்காமல் உரக்குழியில் போடுங்கள்.