அமெரிக்க தேசியப் பூங்காக்களில் குடும்பத்தோடு கூடாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம். யூட்டா மாநிலத்தின் சயான் பள்ளத்தாக்கில் பகல் முழுக்க வெயிலில் வதங்கிவிட்டு, அன்று மாலையே அதே மாநிலத்தின் பிரைஸ் கேன்யன் பூங்காவுக்குக் கிளம்பினோம். 85 மைல்தான், இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கைப்பேசி காட்டியது. வழியில் சாப்பாடு, பெட்ரோல், மலைப்பாதை வளைவில் மகளுக்கு வாந்தி. கேம்ப்கிரவுண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். சுற்றிலும் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தின் முளைகள் எந்தப் பையில் இருக்கின்றன என்று தெரியாமல், ஒரே ஒரு டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பையாக இறக்கிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் ஆவி பறந்தது. அரைக்கால் சட்டையோடு நின்ற மகள், “அப்பா, கார்லயே படுத்துக்கலாமா?” என்று கேட்டாள். அப்படித்தான் படுத்தோம்.

அன்றைக்கு எங்களுக்குத் தெரியாதது ஒரு சின்னக் கணக்கு. சயான் பள்ளத்தாக்கின் தரை சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. பிரைஸின் முகாம்கள் சுமார் 8,000 அடியில். ஆயிரம் அடி ஏற ஏறக் கிட்டத்தட்ட 2 டிகிரி செல்சியஸ் குறையும். அதோடு, காய்ந்த பாலைவனக் காற்றில் சூரியன் மறைந்ததுமே தரை வேகமாகக் குளிர்ந்துவிடும். பகலில் 38 டிகிரியில் கிளம்பியவர்கள், இரவில் ஸ்வெட்டர் போட்டாலும் நடுங்குகிற இடத்தில் வந்து நிற்பார்கள். இதை வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம். அதற்குப் பிறகு பல கோடை விடுமுறைகளைக் கூடாரத்தில் கழித்துவிட்டோம். இந்தப் பயணங்களில் வரும் சங்கடங்களில் முக்கால்வாசிக்கு, திட்டம் போடும்போதே வித்து போட்டுவிடுகிறோம் என்பதுதான் என் அனுபவம்.

மைல் கணக்கை நம்புவது

ஏழு நாளில் ஐந்து பூங்கா என்று போடுகிற திட்டம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வரைபடம் காட்டும் நேரத்தில் குழந்தையின் சிறுநீர் இடைவேளை இல்லை, கூடாரம் பிரித்து மடிக்கிற ஒன்றரை மணி நேரம் இல்லை. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பிலிருந்து வடக்கு விளிம்பு கண்ணுக்கு எதிரே, பத்து மைல் தூரத்தில்தான் தெரியும். காரில் போக வேண்டுமானால் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு 200 மைலுக்கு மேல் ஓட்ட வேண்டும், அரை நாள் போய்விடும். யெல்லோஸ்டோனுக்குள் இருக்கிற பெரிய வளையச் சாலை மட்டுமே 142 மைல். அதில் மணிக்கு 45 மைலுக்கு மேல் போக முடியாது. ஒரு பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) கூட்டம் சாலையைக் கடக்க முடிவெடுத்தால் அரை மணி நேரம் அப்படியே நிற்க வேண்டியதுதான்.

நாங்கள் இப்போது கடைப்பிடிக்கிற வழக்கம் இது. கூடாரம் போடப்போகிற நாளில் நாலு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. மாலை நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஓர் இடத்தில் குறைந்தது இரண்டு இரவு. இதனால் பட்டியலில் ஒரு பூங்கா குறைந்தால் குறையட்டும். ஐந்து பூங்காக்களின் நுழைவுப் பலகை முன்னால் நின்று எடுத்த படங்களைவிட, ஒரே ஓடைக்கரையில் பிள்ளைகள் கல் பொறுக்கிக்கொண்டு கழித்த மத்தியானம்தான் எங்கள் வீட்டில் இன்றும் பேச்சில் வருகிறது.

மேற்கு மாநிலங்களில் பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழே இறங்குவதற்குள் நிரப்பிவிடுங்கள். யூட்டாவில் ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே 100 மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. பூங்காக்களுக்குள் கைப்பேசி சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. வரைபடத்தையும் முன்பதிவு விவரத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் பிடிப்பதில் சறுக்குவது

மே மாதம் உட்கார்ந்து ஜூலைக்கு இடம் தேடினால் பிரபலமான பூங்காக்களில் எதுவும் மிஞ்சியிருக்காது. தேசியப் பூங்காக்களின் முகாம்களில் பெரும்பாலானவை ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதிவாகின்றன. பல முகாம்களுக்கு ஆறு மாதம் முன்னால் திறக்கும். யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸ் போன்ற இடங்களுக்கு ஐந்து மாதம் முன்னால், மாதத்தின் 15ஆம் தேதி, பசிபிக் நேரப்படி காலை 7 மணிக்குத் திறந்து சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கணக்கு தொடங்கி, அட்டை விவரம் பதிந்து, ஆறேமுக்காலுக்கே தயாராக இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். கிடைக்கவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். பயணத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால் நிறையப் பேர் ரத்து செய்வார்கள், தினமும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பக்கத்து தேசியக் காடுகளின் முகாம்களையும் தேடுங்கள். அவை பூங்காவுக்கு வெளியே இருப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை.

நம்மவர்கள் அடிக்கடி செய்கிற தவறு ஒன்று உண்டு. இரண்டு குடும்பமாகச் சேர்ந்து கிளம்பி ஒரே இடத்தைப் பதிவு செய்வது. யோசெமிட்டியில் ஒரு சைட்டுக்கு, அதாவது கூடாரம் போட ஒதுக்கிய ஓர் இடத்துக்கு, அதிகபட்சம் ஆறு பேர், குழந்தைகளையும் சேர்த்து. எட்டுப் பேர் போய் இறங்கி ரேஞ்சரிடம் (பூங்காக் காவலரிடம்) கெஞ்சிக்கொண்டு நிற்பது நன்றாக இருக்காது. அடுத்தடுத்த இரண்டு சைட்டாகப் பிடியுங்கள்.

பதிவு செய்யும்போது அந்தச் சைட்டின் விவரத்தை முழுதாகப் படியுங்கள். எத்தனை வண்டி நிறுத்தலாம், ஆர்வி (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) என்றால் எத்தனை அடி நீளம் வரை, நிழல் உண்டா, கழிப்பறை எவ்வளவு தூரம் என்று எல்லாம் அதில் இருக்கும். சில பூங்காக்களுக்குள் நுழைவதற்கே நேரம் குறித்த முன்பதிவு தேவைப்படும்; அந்த விதி வருடத்துக்கு வருடம் மாறுவதால், போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல் பூங்காவின் அதிகாரப்பூர்வத் தளத்தைப் பாருங்கள். பல வாசல்களில் ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை கையில் இருக்கட்டும்.

குளிரும் முதுகுவலியும்

கூடாரத்தில் குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வரும். வீட்டில் விருந்தாளிகளுக்குப் போடுகிற காற்று மெத்தையைக் கொண்டுபோனால், உள்ளே இருக்கிற காற்று தரையோடு சேர்ந்து சில்லென்று ஆகி இரவு முழுக்க முதுகைக் குளிரவைக்கும். குளிர் தாங்குவதற்கென்றே செய்த பாய் வாங்குங்கள், அல்லது மெத்தைக்கு மேலேயே ஒரு நுரைப் பாயும் கம்பளியும் விரியுங்கள். ஸ்லீப்பிங் பேகில் 30 டிகிரி என்று போட்டிருந்தால் அது ஃபாரன்ஹீட். பல பைகளில் அந்த எண் சமாளிக்கக்கூடிய எல்லையைத்தான் குறிக்கும், சுகமாகத் தூங்க வேண்டுமானால் இரவின் வெப்பநிலை அதைவிடப் பத்து டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

குளிர்கிறதே என்று கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் வைக்கவே வைக்காதீர்கள். தணல் மாதிரி இருந்தாலும் கரி கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மழை பெய்தாலும் சமையல் வெளியேதான்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். எழுபது வயதில் தரையில் படுத்து எழுந்திருப்பதும், நடுராத்திரி ஜிப்பைத் திறந்துகொண்டு இருட்டில் கழிப்பறைக்கு நடப்பதும் லேசான காரியம் இல்லை. அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “எனக்கென்னப்பா, நான் பார்க்காத குளிரா” என்பார்கள். அப்புறம் தண்ணீர் குடித்தால் இரவில் எழுந்திருக்க வேண்டுமே என்று சாயங்காலத்திலிருந்தே குடிக்காமல் இருப்பார்கள். எட்டாயிரம் அடியில் அது தலைவலியில் கொண்டுபோய் விடும். மடக்குக் கட்டில் ஒன்று, ஆளுக்கொரு தலை டார்ச், கழிப்பறையிலிருந்து இரண்டு, மூன்று சைட் தள்ளி ஓர் இடம் என்று ஏற்பாடு செய்யுங்கள். முடிந்தால் அவர்களுக்கு மட்டும் ஒரு கேபின். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் உயரமான இடங்களைப் பற்றிக் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கூடாரத்தை வீட்டுப் புல்வெளியிலோ பக்கத்துப் பார்க்கிலோ ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. ஒரு கம்பி குறைவது அங்கேயே தெரிந்துவிடும்.

கரடிக்குச் சாப்பாடு வைப்பது

யாரும் வேண்டுமென்று வைப்பதில்லை. மினிவேனின் பின்னிருக்கையைக் கழற்றிப் பாருங்கள்: முறுக்குத் துண்டு, சீரியல், ஜூஸ் சிந்திய கறை. நம் மூக்குக்குத் தெரியாத அந்த வாசனை கரடியின் மூக்குக்கு விருந்து அழைப்பு. யோசெமிட்டியில் 2001 முதல் 2007 வரை கரடிகள் உடைத்த வண்டிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. அங்கே நிறுத்தப்பட்ட வண்டிகளில் மினிவேன்கள் குறைவு; உடைக்கப்பட்டவற்றில் அவை மிக அதிகம். குழந்தைகள் சிந்துகிற தீனி அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். கரடி கார்க் கதவின் மேல்விளிம்பில் நகத்தை நுழைத்து, தகர டப்பாவைத் திறப்பதுபோல வளைத்துவிடும்.

கரடி நடமாட்டம் உள்ள முகாம்களில் ஒவ்வொரு சைட்டிலும் இரும்புப் பெட்டி இருக்கும். சாப்பாடு மட்டும் அதற்குள் போனால் போதாது. பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், குழந்தையின் ஈரத் துடைப்பான், குப்பை, பால் புட்டி எல்லாம் போக வேண்டும். சாம்பார்ப் பொடி, ஊறுகாய், நெய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கழுவாத குக்கரும் அப்படித்தான். சமைத்து முடித்ததும் பெட்டியைப் பூட்டுங்கள். “இதோ வந்துடறேன்” என்று திறந்துவைத்துவிட்டுப் போகிற பத்து நிமிடத்தில்தான் கரடி வரும்.

இதில் நஷ்டம் நம் கார் மட்டும் என்றால் இவ்வளவு சொல்ல மாட்டேன். மனிதச் சாப்பாட்டின் ருசி பழகிய கரடி திரும்பத் திரும்ப வரும், பயம் விட்டுப்போகும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை பூங்காக்காரர்களுக்கு வரும். ஒரு சிப்ஸ் பாக்கெட்டுக்காக ஓர் உயிர் போகிறது. எனக்கு இதை நினைத்தாலே மனசு கனத்துப்போகும்.

ஒரு போட்டோவுக்காகக் கிட்டே போவது

யெல்லோஸ்டோன் விதிப்படி பைசன், எல்க் மான் போன்றவற்றிலிருந்து குறைந்தது 25 கெஜம், அதாவது 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கரடி, ஓநாய் என்றால் 100 கெஜம். பைசன் மேயும்போது சோம்பேறி மாடு மாதிரித்தான் இருக்கும். ஓடினால் மணிக்கு 35 மைல். வாலை மேலே தூக்கினால் அது எரிச்சலில் இருக்கிறது என்று பொருள், உடனே பின்வாங்குங்கள்.

வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் போட்டிருக்கும் பலகைப் பாதையில் சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ஓரத்தில் தெரிகிற வெள்ளைத் தரை மெல்லிய ஓடுதான், அடியில் கொதிக்கிற தண்ணீர். அங்கே வெந்து இறந்தவர்கள் 20 பேருக்கு மேல்.

கிராண்ட் கேன்யனில் ஆபத்து வேறு மாதிரி. இறங்குவது சுலபம், காலைக் குளுமையில் பிள்ளைகள் ஓடியே இறங்கிவிடுவார்கள். ஏறி வரும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும், கீழே போகப் போகச் சூடும் கூடுதல். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை அந்தப் பாதைகளில் நடக்க வேண்டாம் என்று ரேஞ்சர்கள் சொல்வதைக் கேளுங்கள். கொண்டுபோன தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுவோம். குழந்தைகளோடு போகும்போது எங்கள் கணக்கு அதுதான்.

அக்கம்பக்கமும் நெருப்பும்

பல முகாம்களில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. பத்து மணிக்கு அந்தாக்ஷரி களைகட்டும் என்பது தெரியும். ஆனால் துணிச் சுவருக்கு அப்பால் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். கார் கதவைத் திரும்பத் திரும்ப அடைப்பதும், பூட்டும்போது பீப் என்று கத்தவிடுவதும் பாட்டைவிடத் தொந்தரவு.

வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள். எமரால்டு ஆஷ் போரர் என்கிற பச்சை வண்டு 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள்ளும் அதற்குப் பிறகும் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. அது தானாகப் பறந்து போகிற தூரம் கொஞ்சம்தான். மற்ற தூரத்தையெல்லாம் மனிதர்கள் விறகோடு விறகாகக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முகாமிலோ பக்கத்து ஊரிலோ வாங்கி, அங்கேயே எரித்துத் தீர்த்துவிடுங்கள். நெருப்புத் தடை இருக்கிறதா என்று முதலில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்னால் விறகு போடுவதை நிறுத்துங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குச்சியால் சாம்பலை அடிவரை கிளறி, மறுபடி ஊற்றுங்கள். உஸ் என்ற சத்தம் நிற்க வேண்டும். மண்ணைப் போட்டு மூடினால் தணல் உள்ளேயே கனன்று, விடிகாலைக் காற்றில் மறுபடி பிடித்துக்கொள்ளும். கடைசியாகப் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் இன்னொரு வாளி. எங்கள் வீட்டில் இப்போது இந்த வேலை மகளுடையது. அவள் “ஆறிடுச்சுப்பா” என்று சொன்ன பிறகுதான் எல்லாரும் கூடாரத்துக்குள் போவோம்.