டிஷ்வாஷரை வீட்டிலேயே பழுதுபார்த்தல்: அளந்து பார்த்த பிறகே பாகம் வாங்குங்கள்

பாத்திரம் கழுவும் இயந்திரம் பாதியில் நின்றுவிட்டால், பார்க்க வருபவர் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் "போர்டு போய்விட்டது" என்று சொல்லிவிடுவதும், வீட்டில் இருப்பவர்கள் அதை நம்பிப் புது இயந்திரத்துக்கு விலை விசாரிக்கத் தொடங்குவதும் வழக்கமாகிவிட்டன. உண்மையில் டிஷ்வாஷருக்குள் இருப்பவை எண்ணிவிடக்கூடிய சில பாகங்களே. தண்ணீரை உள்ளே விட ஒரு வால்வு, அதைப் பாத்திரங்கள்மீது பீய்ச்ச ஒரு சுழற்சிப் பம்ப், சூடாக்க ஒரு ஹீட்டர், சூட்டை அறிய ஒரு சென்சார், அழுக்கு நீரை வெளியேற்ற ஒரு டிரெயின் பம்ப், இவற்றை வரிசையாக இயக்க ஒரு போர்டு. இவற்றில் பெரும்பாலானவற்றை மின் அளவுகளைக் காட்டும் ஒரு சாதாரண மல்டிமீட்டரால் தனித்தனியே சோதிக்கலாம். சோதிக்காமல் பாகம் வாங்குவதுதான் வீட்டுப் பழுதுபார்ப்பில் பணம் வீணாகும் இடம் என்பதால், இந்தக் கட்டுரை மாட்டுவதைவிடக் கண்டறிவதைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

இயந்திரத்துக்கு இன்னும் வாரன்டி இருந்தால் எதையும் திறக்க வேண்டாம்; நிறுவனத்தின் சேவை மையத்தையே அழையுங்கள். வாரன்டி முடிந்திருந்தால், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே கிடக்க வேண்டும். அடுத்து தண்ணீர்க் குழாயை மூடுங்கள். கப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரம் இறங்கச் சில நிமிடங்கள் காத்திருங்கள். உட்புறத் தகடுகளின் ஓரங்கள் கத்திபோல் கூர்மையானவை. தடித்த கையுறை இல்லாமல் கையை உள்ளே விடாதீர்கள். இனி இந்தக் கட்டுரையில் மீட்டரால் அளக்கச் சொல்லும் ஒவ்வொரு அளவும், மின்சாரம் இல்லாத நிலையில், அந்தப் பாகத்தின் ஒயர்களைக் கழற்றிய பிறகு எடுக்க வேண்டிய ஓம் அளவு (மின்தடை) மட்டுமே. மின்சாரம் ஓடும்போது எடுக்க வேண்டிய அளவுகளைத் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இயந்திரம் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதே முதல் துப்பு. பெரும்பாலான மாடல்கள் தொடங்கியதும் அடியில் தேங்கிய பழைய நீரை வெளியேற்றும், பிறகு புது நீரை நிரப்பும், பீய்ச்சிச் சுற்றவிடும், சூடாக்கும், மறுபடி வெளியேற்றும். தொடங்கியவுடன் உறுமிவிட்டு நின்றால் டிரெயின் பகுதியையும், தண்ணீர் விழும் ஓசையே கேட்காவிட்டால் வால்வையும், கழுவி முடித்தும் பாத்திரம் குளிர்ந்தே இருந்தால் ஹீட்டரையும் சந்தேகிக்கலாம். திரையில் தோன்றும் எண்ணும் உதவும். பாஷ், சீமென்ஸ் இயந்திரங்கள் பலவற்றில் ஈ15 என்றால் அடித்தட்டில் நீர் கசிந்திருக்கிறது, ஈ18 என்றால் தண்ணீர் வரவில்லை, ஈ22 என்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, ஈ24 என்றால் வெளியேற்றும் ஹோஸ் மடிந்தோ அடைத்தோ இருக்கிறது, ஈ25 என்றால் டிரெயின் பம்ப் சிக்கியிருக்கிறது அல்லது அதன் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். மற்ற நிறுவனங்களின் எண்கள் வேறு. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அவற்றின் பட்டியல் இருக்கும். எண் காட்டுவது கோளாறு இருக்கும் இடத்தை மட்டுமே. ஈ25 வந்தது என்பதற்காகப் பம்ப் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நம் சமையலறைகளில் அதிகம் தொல்லை தருவது டிரெயின் பகுதிதான் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். கீழ்த் தட்டை வெளியே எடுத்து, அடியில் உள்ள ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். கீழே தேங்கியிருக்கும் நீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்த பிறகு, குழியின் ஓரத்தில் டிரெயின் பம்ப்பின் சிறு பிளாஸ்டிக் மூடி தெரியும். பல பாஷ் மாடல்களில் அதை ஒரு தேக்கரண்டியின் காம்பால் நெம்பி உள்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். அதன் பின்னால் பம்ப்பின் சிறு விசிறி இருக்கிறது. கறிவேப்பிலைக் காம்பு, எலுமிச்சை விதை, புளியங்கோது, உடைந்த கண்ணாடிச் சில்லு ஆகியவை வந்து சிக்கும் இடம் அதுவே. கண்ணாடிச் சில்லு இருக்கக்கூடும் என்பதால் வெறும் விரலால் துழாவாமல், டார்ச் அடித்துப் பார்த்து, முள்வாங்கியால் எடுங்கள்.

அடைப்பை நீக்கியதும் ஒரு குச்சியால் விசிறியை மெல்லச் சுற்றிப் பாருங்கள். அது மின்விசிறிபோல் வழுக்கிக்கொண்டு சுற்றாது. கொஞ்சம் நகர்ந்து நிற்கும், தள்ளினால் வெடுக்கென்று அடுத்த நிலைக்குத் தாவும். பம்ப்புக்குள் சுழலும் பாகமான ரோட்டர் ஒரு நிலைக்காந்தம் என்பதால் அந்தத் தாவல் இயல்பானதே. இதைத் தெரியாதவர்கள் பம்ப் இறுகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கிவிடுகிறார்கள். மாறாக, தாவலே இல்லாமல் விசிறி தளர்வாகச் சுற்றினால் விசிறிக்கும் காந்தத்துக்கும் உள்ள பிடிப்பு உடைந்திருக்கிறது. அப்போது பம்ப்பை மாற்ற வேண்டும். சோதனை முடிந்ததும் மூடியை அழுத்தி, 'க்ளிக்' என்ற ஓசை கேட்கும்வரை பொருத்துங்கள். அரைகுறையாகப் பொருந்திய மூடியாலேயே அதே எண் மறுபடி திரையில் வரும்.

விசிறி சரியாக இருந்தும் நீர் இறங்கவில்லை என்றால் ஹோஸைப் பாருங்கள். இயந்திரத்தைச் சுவரோடு தள்ளி வைக்கும்போது ஹோஸ் பின்னால் நசுங்குவது அடிக்கடி நடப்பது. சிங்க்கின் அடிக்குழாயோடு இணைத்திருந்தால் அந்த இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாகப் படிந்திருக்கலாம். சிங்க்கைப் புதிதாக மாற்றியிருந்தால், இணைப்பு வாயில் உற்பத்தியின்போதே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பை வெட்டி எடுக்காமலே ஹோஸை மாட்டியிருக்கவும் கூடும். ஹோஸைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டு, டிரெயின் கட்டத்தை ஓட்டிப் பாருங்கள். வாளியில் நீர் வேகமாக விழுந்தால் இயந்திரம் குற்றமற்றது. பிளம்பர் வேலைதான் பாக்கி.

இவ்வளவுக்குப் பிறகும் பம்ப் அசையாவிட்டால் மீட்டரை எடுக்கலாம். பம்ப்பின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, முனைகளுக்கு இடையே ஓம் அளவைப் பாருங்கள். 230 வோல்ட்டில் ஓடும் டிரெயின் பம்ப்புகள் பெரும்பாலும் 100 முதல் 200 ஓம்வரை காட்டும். எல்லையற்றது என்று காட்டினால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லை, புதுப் பம்ப் வாங்கலாம். பழைய பம்ப்பைக் கழற்றுவதற்கு முன் ஒயர்கள் இருந்த நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் பம்ப்புக்குத் திருகே கிடையாது. பூட்டும் தாழை அழுத்திக்கொண்டு இடப்பக்கமாகச் சற்றுத் திருப்பினால் கழன்று வரும். புதியதை மாட்டும்போது ரப்பர் வளையத்தில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவினால் வளையம் முறுக்கிக்கொள்ளாமல் உட்காரும். பழைய வளையத்தை மறுபடி பயன்படுத்த வேண்டாம். இயந்திரத்தைச் சாய்க்க நேர்ந்தால் உப்புக் கலத்திலிருந்து உப்புநீர் வழியும் என்பதால் தரையில் துணி விரித்துவிட்டுச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வராத கோளாற்றில் வால்வின்மீது பழி போடுவதற்கு முன் குழாயைச் சோதியுங்கள். பல இயந்திரங்களுக்குக் குறைந்தது 0.5 பார் அழுத்தம் தேவை. பத்து மீட்டர் உயர நீர்தான் ஏறத்தாழ ஒரு பார் என்பதால், மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட ஐந்து மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும். அடுக்குமாடியின் கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை. அங்கே வால்வை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இராது, பிரஷர் பம்ப் ஒன்று வைப்பதே தீர்வு. குழாயை முழுக்கத் திறந்து ஒரு நிமிடம் வாளியில் பிடியுங்கள். பத்து லிட்டருக்குக் குறையாமல் விழ வேண்டும். நன்றாகவே விழுகிறது என்றால் ஹோஸின் முனையில் இருக்கும் சல்லடையை வெளியே எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். தொட்டியின் அடி மண்ணும் போர் தண்ணீரின் துருவும் அங்கேதான் சேரும். அதற்கும் அசையாவிட்டால் வால்வின் சுருளை அளக்கலாம். பொதுவாகச் சில ஆயிரம் ஓம் காட்டும். ஹோஸின் குழாய்ப் பக்க முனையில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் அதற்குள் மின்வால்வு இருக்கிறது. அந்த ஹோஸை வெட்டவோ நீரில் முக்கவோ கூடாது.

ஹீட்டரைச் சோதிப்பது எளிது. அதன் வாட் அளவு தெரிந்தால், வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் இருக்க வேண்டிய ஓம் கிடைக்கும். 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டருக்கு அது சுமார் 26 ஓம். அடுத்து, ஹீட்டரின் ஒரு முனைக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. கழுவத் தொடங்கிச் சில நிமிடங்களில், நீர் சூடாக வேண்டிய நேரத்தில் வீட்டின் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறங்கிவிடுகிறது என்றால் ஹீட்டர் உடலோடு மின்கசிவு உள்ளது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். அந்த இயந்திரத்தை வேறு பிளக்கில் மாட்டி ஓட்டிப் பார்க்கும் ஆபத்தான பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். புதிய மாடல்கள் பலவற்றில் ஹீட்டரும் சுழற்சிப் பம்ப்பும் ஒரே பாகமாக வருவதால் செலவு கூடும். அதனாலேயே அளவை இருமுறை எடுத்து உறுதி செய்துகொள்ளச் சொல்கிறேன்.

அடித்தட்டில் நீர் கசிந்தால் அங்கே இருக்கும் மிதவை எழும்பி ஒரு சுவிட்சை அழுத்தும். உடனே இயந்திரம் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு டிரெயின் பம்ப்பை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும். இயந்திரத்தைச் சாய்த்து அந்த நீரைக் கொட்டினால் எண் மறைந்துவிடும், ஆனால் கசிவு மறையாது. சோப்பு நுரை அதிகமாகி வழிந்ததா, ஏதாவது ரப்பர் இணைப்பு தளர்ந்ததா, கதவின் கீழ் கேஸ்கெட் (நீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் பட்டை) கிழிந்ததா என்று டார்ச் வெளிச்சத்தில் சுண்ணாம்புத் தடத்தைப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். கசிந்த நீர் காய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடு விட்டுச் சென்றிருக்கும். கேஸ்கெட், ஸ்பிரே கைகள், தட்டுச் சக்கரங்கள், கதவின் எடையைத் தாங்கும் கயிறு ஆகியவை விலை குறைந்தவை. கயிறு அறுந்த கதவு திடீரென்று காலில் விழும் என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாகம் வாங்கும்போது "இந்தக் கம்பெனி டிஷ்வாஷர் பம்ப்" என்று கேட்டால் தவறானதே வந்து சேரும். கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் முழு மாடல் எண் இருக்கும். சாய்கோட்டுக்குப் பின் வரும் இலக்கங்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரே மாடலின் இரண்டு பதிப்புகளில் பம்ப் வேறாக இருக்கலாம். பாஷ், சீமென்ஸ் தகடுகளில் எஃப்டி என்ற நான்கு இலக்க எண் தயாரிப்புக் காலத்தைச் சொல்கிறது: முதல் இரண்டு இலக்கங்களோடு 20 கூட்டினால் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். 9405 என்றால் 94-உம் 20-உம் சேர்ந்து 114, அதாவது 2014 மே. அமெரிக்கத் தளங்களில் மலிவாகத் தோன்றும் பம்ப்புகள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானவை. நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அவற்றை மாட்டக் கூடாது. ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2021 மார்ச் முதல் அங்கு நடைமுறையில் உள்ள விதியின்படி, கதவு கேஸ்கெட், ஸ்பிரே கை, ஃபில்டர், தட்டு போன்ற பாகங்களைக் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு நுகர்வோருக்கே நேரடியாக வழங்க வேண்டும். பம்ப், ஹீட்டர் போன்றவற்றுக்கு ஏழு ஆண்டுகள், அதுவும் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்கு மட்டும். நுகர்வோருக்கும் பம்ப் கிடைக்கச் செய்திருந்தால் அந்த விதி இன்னும் நியாயமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

மாட்டிய பாகம் நீடிக்க வேண்டுமானால் தண்ணீரின் கடினத்தன்மையைச் சரியாக அமைத்திருக்க வேண்டும். இயந்திரத்துக்குள் நீரை மென்மையாக்க இருக்கும் ரெசின் என்ற பொருள், நீரின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. ரெசின் நிரம்பியதும் உப்புநீர் அதைக் கழுவி மீட்கிறது. சமையல் உப்பில் சேர்க்கப்படும் கட்டி பிடிக்காமைக்கான பொருட்கள் இதற்கு ஆகாது. டிஷ்வாஷர் உப்பையே போடுங்கள். தொழிற்சாலையில் வைத்த கடினத்தன்மை அமைப்பை மாற்றாமல் போர் தண்ணீரில் ஓட்டினால் ஹீட்டர்மீது சுண்ணாம்பு படிந்து, புது ஹீட்டரும் பழையதன் வழியிலேயே போகும்.

எல்லாம் மாட்டிய பிறகு, பக்கத் தகடுகளைத் திருகி மூடிவிட்டே பிளக்கை மாட்டுங்கள். அடியில் செய்தித்தாள் விரித்து, பாத்திரம் இல்லாமல் மிகக் குறுகிய புரோகிராமில் ஓட்டி, நீர் நிரம்புவதையும் இறங்குவதையும் காதால் கவனியுங்கள். முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, கீழ்ப் பலகையைக் கழற்றி, கைவைத்த ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் சூடான புரோகிராம் ஒன்றை முழுதாக ஓட்டி மறுபடி ஒற்றுங்கள், ஏனெனில் குளிர்ந்த நீரில் கசியாத இணைப்பு சூட்டில் விரிந்து கசியக்கூடும். அதிலும் செய்தித்தாள் உலர்ந்தே இருந்தால், ஹோஸ் பின்னால் மடியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இயந்திரத்தை அதன் இடத்துக்குள் தள்ளலாம்.