மோட்சார்ட்டின் பேனா நின்ற இடத்தைக் காதால் கண்டுபிடிப்பது எப்படி

1791 டிசம்பர் 5 அதிகாலையில் வியன்னாவில் இசையமைப்பாளர் மோட்சார்ட் இறந்தார். வயது 35. இறந்தவர்களுக்கான திருப்பலியில் பாடும் ரெக்வியம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார், அது பாதியில் நின்றுபோனது. அதே ஊரில் இருந்த இன்னொரு இசையமைப்பாளர் சாலியேரி விஷம் வைத்த கதையை முதலில் ஓரமாக வையுங்கள், அதற்கு ஆதாரமே கிடையாது, இறப்புப் பதிவேட்டில் இருப்பது கடுமையான காய்ச்சல்தான். அந்தக் கதையைவிட மனதைப் பிசைகிற விஷயம் இந்த இசைக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கேட்கப் பெரிய சங்கீத ஞானம் வேண்டாம், ஒரு மணி நேரமும் ஹெட்போனும் போதும்.

அவர் இறந்த பிறகு சூஸ்மாயர் என்பவர் முடித்துக்கொடுத்த வடிவத்தைத் தேடி எடுங்கள். எழுதச் சொல்லியிருந்தவர் வால்செக் பிரபு, மோட்சார்ட்டின் மனைவி கான்ஸ்டன்ஸுக்கு மீதிப் பணம் வந்தாக வேண்டும், அதனால்தான் மோட்சார்ட்டுடன் பழகிய இந்த இளைஞர் கைக்கு வேலை வந்தது. ராபர்ட் லெவின் போன்றவர்கள் பிற்காலத்தில் முடித்த வடிவங்களை அப்புறம் கேட்கலாம்.

முதல் பகுதியான இன்ட்ராய்ட்டை இரண்டு தடவை கேளுங்கள். முழுக்க முழுக்க மோட்சார்ட் எழுதி முடித்தது இது ஒன்றுதான், அதனால் உங்களுக்கு அளவுகோல் இதுவே. அடுத்து வருகிற பல பகுதிகளில் பாட்டுக் குரல்களையும் கீழ்ச்சுரத்தையும் எழுதிவிட்டு வாத்தியங்களுக்கு அங்கங்கே குறிப்பு மட்டும் போட்டிருந்தார்.

சரி, இப்போது லாக்ரிமோசா என்ற பகுதி. வயலின்கள் இரண்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) விம்மும், பிறகு கோரஸ் நுழையும், அப்புறம் குரல்கள் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே போய் 'ஹோமோ ரேயுஸ்' என்ற லத்தீன் சொற்களில் உச்சத்தைத் தொடும். அங்கே நிறுத்துங்கள். எட்டாவது பார் அது, அதற்கு மேல் இந்தப் பகுதியில் அவர் கையெழுத்து இல்லை. வேகத்தைப் பொறுத்து ஒரு நிமிடத்துக்கு முன்னே பின்னே வரும். சந்தேகமாக இருந்தால் சால்ஸ்பர்க் மோட்சார்ட்டேயும் அறக்கட்டளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் சுரக்குறிப்பைத் திறந்துவைத்துப் பாருங்கள். நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி ஓட விட்டால் கேட்பது சூஸ்மாயர். அவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் நிறைய, எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அந்த எட்டு பாருக்கு அடுத்த சுரத்தை எழுதத் துணிந்ததே பெரிய காரியம்.

சாங்டுஸ், பெனடிக்டுஸ், அக்னுஸ் தேயி என்ற அடுத்த பகுதிகள் மூன்றும் சூஸ்மாயர் தந்தவை. கடைசிப் பகுதியில் தொடக்க இசையே திரும்பி வரும், உங்கள் காது தானாக அடையாளம் காணும்.

இதெல்லாம் ஆனதும், லாக்ரிமோசாவுக்குப் பின்னால் வரும் ஹோஸ்டியாஸ் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். அதன் கையெழுத்துத் தாளின் மூலையில், முந்தைய 'குவாம் ஒலிம்' பகுதியை மறுபடி பாடுங்கள் என்று மோட்சார்ட் சுருக்கமாக எழுதியிருந்தார், அவர் கடைசியாக எழுதிய சொற்கள் அவையாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் யாரோ அந்த மூலையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. ஹோஸ்டியாஸ் அடங்கி 'குவாம் ஒலிம்' மறுபடி எழும்போது, அந்தக் காணாமல்போன துண்டில் இருந்ததைத்தான் பாடுகிறார்கள்.