ஸ்டென்ட் வைத்தவர் மூட்டுவலி மாத்திரை வாங்கும்போது

பெரியப்பாவுக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட், அதாவது அடைப்பை விரித்து வைக்கும் சின்ன வலைக்குழாய், வைத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் தவறாமல் போடுவார், கறிதோசையைக்கூட விட்டுவிட்டார். ஆனால் போன சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகைக் கரையில் விடிய விடிய நின்றதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. தெருமுனை மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே டைக்ளோஃபினாக் வாங்கி நாலு நாள் விழுங்கியிருக்கிறார். கேட்டால், "கால் வலிக்குப் போடுற மாத்திரைதானப்பா, அதுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார்.

சம்பந்தம் இருக்கிறது. கொழுப்பு என்றாலே ரத்தக் குழாயில் படியும் அழுக்கு என்று நினைக்கிறோமே, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. செல்சவ்வில் உள்ள அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பிலிருந்து உடம்பு சில சமிக்ஞைப் பொருட்களைச் செய்துகொள்கிறது. அவை நிமிடக் கணக்கில் கரைந்துபோகும், ஆனால் அதற்குள் காரியத்தை முடித்துவிடும். ரத்தத் தட்டணுக்களில் உருவாகும் த்ராம்பாக்சேன் ரத்தத்தை உறையச் சொல்லும், குழாயைச் சுருக்கும். குழாயின் உள்சுவரில் உருவாகும் புரோஸ்டாசைக்ளின் உறையவிடாது, குழாயை விரிக்கும்.

ஆஸ்பிரின் தட்டணுவில் த்ராம்பாக்சேன் செய்யும் நொதியை ஒரேயடியாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, வேறு நொதி செய்துகொள்ள வழியில்லை. அதன் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை அப்படியேதான். குழாய்ச் சுவரில் உள்ள செல்களோ அந்த நொதியைப் புதிதாகச் செய்துகொள்ளும். சின்ன மாத்திரையின் சூட்சுமம் இவ்வளவுதான். ஆஸ்பிரின் வேலை செய்யும் விதத்தை 1971-ல் காட்டிய ஜான் வேனுக்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது.

டைக்ளோஃபினாக் புரோஸ்டாசைக்ளினைப் பலமாகக் குறைக்கிறது. தட்டணுவை நாள் முழுக்கக் கட்டிப்போடுவதில்லை. அதனால் ரத்தத்தை உறையச் சொல்லும் பக்கத்தின் கை ஓங்கிவிடும். மாரடைப்பு ஆபத்து கூடியதால் 2004-ல் திரும்பப் பெறப்பட்ட ரோஃபிகாக்சிப்பும் ஒரு வலி மாத்திரைதான். இபுப்ரோஃபென் கதை வேறு. ஆஸ்பிரினுக்கு முன்னால் போட்டால், மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குள் துண்டு போடுகிற மாதிரி, ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பல் பிடுங்கப் போகிறோம் என்று ஆஸ்பிரினைத் தாமாகவே நிறுத்துகிறவர்களும் உண்டு. ஸ்டென்ட் வைத்தவருக்கு அது அடைப்பில் கொண்டுபோய் விடலாம். பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறாரே என்று எந்த நோயும் இல்லாதவர் ஆரம்பித்தால் வயிற்றில் ரத்தக் கசிவு ஆபத்துதான் மிஞ்சும்.

அப்புறம் எண்ணெய். விலை கூடிய சூரியகாந்தி எண்ணெய் என்பதால் வடை சுட்டதையே மறுநாளும் காய்ச்சுகிறோம். சூட்டில் சீக்கிரம் கெடுகிற எண்ணெய்களில் அதுவும் ஒன்று. மீன் எண்ணெய் கேப்ஸ்யூலும் டாக்டரைக் கேட்காமல் போடுகிற சமாச்சாரம் இல்லை, அதிக அளவில் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும். மத்தி மீன் குழம்பு போதும். பொரித்தால் கதை வேறு.

பெரியப்பாவுக்கு டாக்டர் பாரசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும் சொல்லி அனுப்பினார். அட்டையில் மிச்சமிருந்த ஆறு மாத்திரையைப் பெரியம்மா அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். நான்தான் வாங்கிக் குப்பையில் போட்டேன்.